வடிகால் நீர்மட்டம் கைப்பேசிக்கு வரும் வழி: ஜாவா சர்வரில் வெப்சாக்கெட்

நான் சிறுமியாக இருந்தபோது, பெருமழை பெய்யும் இரவுகளில் எனக்கென்று ஒரு வேலை இருக்கும். "போய் வடிகாலைப் பாத்துட்டு வா" என்பார் பாட்டி. பின்கதவைத் திறந்து, டார்ச் விளக்கை அடித்து, தண்ணீர் எந்தக் கல்வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் "போய்ப் பாத்துட்டு வா." பெரும்பாலான நேரங்களில் என் பதில் ஒன்றுதான்: "அப்படியேதான் இருக்கு பாட்டி."

தம்பி கொஞ்சம் வளர்ந்ததும் பாட்டி முறையை மாற்றினார். அவனைப் பின்கதவருகே முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, "மேல் கல்லு மூழ்கினா கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு நான் ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. தண்ணீர் ஏறினால் தகவல் தானாக வரும்.

இணையத்திலும் இதே இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் கைப்பேசி ஓயாமல் ஓடிப்போய்க் கேட்கும். இரண்டாவது முறையில் சர்வரே கூப்பிட்டுச் சொல்லும். இந்த இரண்டாவது முறைக்குப் பெயர் வெப்சாக்கெட். எங்கள் பள்ளியின் கணினிக் கழக மாணவர்கள், ஜாவாவில் இயங்கும் ஒரு சர்வரை அமைத்து இதைச் செய்து பார்த்தார்கள். செய்தபோது எங்கே தவறினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தவறுகளில்தான் பாடம் அதிகம் இருந்தது.

பாக்கு ஆற்றின் கரையில்

மலாயில் சுங்கை என்றால் ஆறு, பினாங் என்றால் பாக்கு. ஆயர் ஈத்தாம், டொண்டாங் முதலிய சிற்றாறுகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு, ஜார்ஜ் டவுனின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே ஓடிக் கடலில் கலக்கிறது சுங்கை பினாங். குன்றுகளில் பெய்யும் மழை சிறிது நேரத்திலேயே நகருக்குள் இறங்கிவிடும். அந்த வேளையில் கடலில் ஏற்றமும் இருந்தால், ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். பினாங்கு நீரிணையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வடிகிறது. ஆகவே ஒரே அளவு மழை, பெய்யும் நேரத்தைப் பொறுத்து, வெறும் சகதியாகவும் முடியலாம், முழங்கால் வெள்ளமாகவும் முடியலாம். ஜாலான் பி.ரம்லி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களை நாம் யாரும் மறக்கவில்லை. ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பினாங்கில் ஏழு உயிர்கள் போயின. அந்த இரவில் பலருக்கும் தேவைப்பட்டது ஒரே தகவல்தான்: தண்ணீர் இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறது?

வடிகால் நீர்ப்பாசன இலாகா நாடு முழுவதும் ஆறுகளில் தானியங்கி நிலையங்களை வைத்து, நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது. இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள். எங்கள் கழக மாணவி ஒருத்தி, ஐந்தாம் படிவம், ஆற்றை ஒட்டிய வீடு. அவள் ஒரு நாள் கேட்டாள்: "டீச்சர், ஆத்துக்கு அளவு இருக்கு. எங்க வீட்டுப் பின்னால இருக்குற வடிகாலுக்கு இல்லையே?" அந்தக் கேள்வியில்தான் வேலை தொடங்கியது.

அளவெடுப்பது மீயொலி உணரி. தண்ணீருக்கு மேலே பொருத்தினால், ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்லும். ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் வினாடிக்கு 343 மீட்டர். நம் ஊர் வெயிலில், 32 பாகையில், அது ஏறக்குறைய 351 மீட்டர். இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் 2 மீட்டர் தூரத்தில் சுமார் 4 சென்டிமீட்டர் பிழை வரும். மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். அளவு கிடைத்துவிட்டது. இனி அதை முப்பது வீடுகளின் கைப்பேசிகளுக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஓடிப்போய்க் கேட்பதன் செலவு

வழக்கமான இணையப் பக்கம் எச்.டி.டி.பி. என்ற விதிமுறையில் இயங்குகிறது. கைப்பேசி கேட்டால் சர்வர் பதில் சொல்லும். கேட்காவிட்டால் சொல்லாது. புதிய அளவு வேண்டுமென்றால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கைப்பேசிகள், 2 வினாடிக்கு ஒரு முறை கேட்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பேசி 1800 முறை கேட்கும். மொத்தம் 54,000 கேள்விகள். ஒவ்வொரு கேள்வியும் பதிலும், தலைப்பு வரிகளையும் சேர்த்து, 1000 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 54 மெகாபைட். இவ்வளவும் செலவழித்துக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "அப்படியேதான் இருக்கு பாட்டி."

வெப்சாக்கெட்டில் இணைப்பு ஒரு முறை திறந்தால் திறந்தபடியே இருக்கும். 125 பைட்டுக்கு மேற்படாத செய்தியை சர்வர் அனுப்பும்போது கூடுதலாகச் சேர்வது 2 பைட் மட்டுமே. 30 வினாடிக்கு ஒரு முறை 20 பைட் செய்தியை 30 கைப்பேசிகளுக்கும் அனுப்பினால், ஒரு மணி நேரத்தில் 3600 செய்திகள், 79,200 பைட். ஒரு மெகாபைட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. வெப்சாக்கெட்டின் உரைச் செய்திகள் யு.டி.எஃப்.-8 குறியீட்டில்தான் செல்ல வேண்டும். அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். "அபாயம்" என்ற சொல்லில் ஆறு புள்ளிகள் உள்ளன, ஆக 18 பைட். எனவே நாங்கள் 0, 1, 2, 3 என்று எண்ணை மட்டும் அனுப்பி, தமிழ்ச் சொல்லைக் கைப்பேசியிலேயே காட்டினோம்.

கதவு திறக்கும் முறை

வெப்சாக்கெட்டின் விதிமுறை 2011 டிசம்பரில் இணையத் தரநிலையாக வெளியிடப்பட்டது. அதன் அழகு, அது பழைய வாசலிலேயே நுழைவதில் இருக்கிறது. உலாவி முதலில் சாதாரண எச்.டி.டி.பி. கேள்வியைத்தான் அனுப்புகிறது. கூடவே "வெப்சாக்கெட்டுக்கு மாறலாமா?" என்ற ஒரு வரியும், 16 பைட் குருட்டுவாக்கு எண்ணைக் குறியீடாக்கிய ஒரு சாவியும் இருக்கும். சர்வர் அந்தச் சாவியோடு, விதிமுறையில் எழுதப்பட்டுள்ள 36 எழுத்து நிலையான சரத்தை ஒட்டி, எஸ்.எச்.ஏ.-1 என்ற கணக்கைச் செய்து, விடையைத் திருப்பி அனுப்பும். விடை சரியாக இருந்தால், எதிரில் இருப்பது வெப்சாக்கெட் தெரிந்த சர்வர்தான் என்று உலாவி அறிந்துகொள்கிறது. பதிலின் எண் 101, அதாவது "விதிமுறையை மாற்றுகிறேன்." அந்த நொடியிலிருந்து இரு பக்கமும், விரும்பிய நேரத்தில், கேட்காமலே பேசலாம்.

ஒன்றை மட்டும் தவறாக எண்ணிவிடாதீர்கள். இந்தச் சாவி பாதுகாப்புப் பூட்டு அல்ல. மறையாக்கம் வேண்டுமென்றால் பாதுகாக்கப்பட்ட வெப்சாக்கெட் முகவரியைப் பயன்படுத்த வேண்டும். பக்கம் பாதுகாப்பான முகவரியிலிருந்து வந்தால், பாதுகாப்பற்ற வெப்சாக்கெட்டை உலாவியே தடுத்துவிடும்.

கடுவன் பூனையும் கோப்பியும்

ஜாவா மொழி 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. ஜேம்ஸ் கோஸ்லிங் முதலில் வைத்த பெயர் ஓக். பிறகு கோப்பியை நினைவூட்டும் ஜாவா என்ற பெயர் வந்தது. அந்தக் கோப்பிக்குப் பெயர் கொடுத்த தீவைத்தான் மணிமேகலை சாவகம் என்கிறது.

ஜாவாவில் வெப்சாக்கெட் எழுதும் பொது முறை 2013-இல் முடிவானது. அதற்குமுன் ஒவ்வொரு சர்வருக்கும் ஒவ்வொரு விதமாக எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒரே நிரலை டாம்கேட், ஜெட்டி, கிளாஸ்ஃபிஷ் என எதிலும் ஓட்டலாம். ஜெட்டி 1995-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. பெயரைக் கேட்டதும் நமக்குப் படகுத்துறைதான் ஞாபகம் வரும், பொருளும் அதுவேதான். நாங்கள் தேர்ந்தெடுத்தது டாம்கேட். டாம்கேட் என்றால் கடுவன் பூனை. சன் நிறுவனத்தில் அதை உருவாக்கிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் விலங்கு என்பதால் அந்தப் பெயரை வைத்தார். 1999-இல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. இன்றும் இலவசம்.

பள்ளிக் கணினிக்கு அது போதுமா என்று கேட்பீர்கள். டாம்கேட்டின் இயல்பு அமைப்பில் வேலை செய்யும் இழைகள் 200 வரை, ஏற்கும் இணைப்புகள் 8192 வரை. ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இழையை அது ஒதுக்குவதில்லை. செய்தி வரும்போது மட்டும் ஓர் இழை எழுந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். முப்பது வீடுகள் அதற்குத் தூசு.

அமைக்கும் படிகள்

முதலில் ஜாவா உருவாக்கத் தொகுப்பை நிறுவுங்கள். பதிப்பு 17 அல்லது 21 நல்லது, இரண்டும் நீண்ட கால ஆதரவு உள்ளவை. ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் சூழல் மாறியையும் அமைத்துவிடுங்கள். டாம்கேட் அதைத்தான் தேடும்.

அடுத்து டாம்கேட்டின் சுருக்கக் கோப்பை இறக்கி விரித்துத் தொடக்கக் கோப்பை இயக்குங்கள். உலாவியில் இதே கணினியின் 8080 எண் வாயிலைத் திறந்தால் பூனைப் படம் தெரியும். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவதாக ஒரு ஜாவா வகுப்பை எழுதுங்கள். அதன் தலையில் "இது சர்வர் முனை, இதன் முகவரி இது" என்று ஓர் அடையாளக் குறி. உள்ளே நான்கு செயல்கள் போதும்: இணைப்பு திறக்கும்போது, செய்தி வரும்போது, இணைப்பு மூடும்போது, பிழை நேரும்போது என்ன செய்வது என்பவை. பொட்டலமாகக் கட்டி டாம்கேட்டின் செயலிகள் கோப்புறையில் போட்டால், அது தானே விரித்து ஓட்டும்.

கடைசியாக, கைப்பேசியில் திறக்கும் பக்கம். உலாவியில் வெப்சாக்கெட் ஏற்கெனவே இருக்கிறது. முகவரியைக் கொடுத்து ஒரு பொருளை உருவாக்கி, செய்தி வந்தால் திரையை மாற்று என்று எழுதினால் போதும். பக்கத்து மேசைக் கைப்பேசியிலிருந்து இணைக்கும்போது, "இதே கணினி" என்ற முகவரி வேலை செய்யாது. கணினியின் உள்வலை எண்ணைக் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் தீச்சுவர் 8080-ஐத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் தடுக்கி விழுந்த மூன்று இடங்கள்

முதல் நாளே இணைப்பு கிடைக்கவில்லை. பதில் 404, "அப்படி ஒன்று இல்லை." பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு பிற்பகல்கள் போனபிறகு காரணம் தெரிந்தது. நாங்கள் வைத்திருந்த நூல் டாம்கேட் 8-க்கு எழுதப்பட்டது. அதில் நூலகப் பெயர்கள் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும். சன் நிறுவனத்தை 2010-இல் வாங்கிய ஆரக்கிள், நிறுவனங்களுக்கான ஜாவாவை 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆனால் ஜாவா என்ற வணிகப் பெயர் ஆரக்கிளிடமே நின்றது. அதனால் 2020 இறுதியில் வந்த பதிப்பில் எல்லாப் பெயர்களும் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 10 முதல் புதிய பெயரை மட்டுமே அறியும். பழைய நூலகத்தையும் நாங்களே பொட்டலத்துக்குள் வைத்திருந்ததால், டாம்கேட் எங்கள் வகுப்பைக் கண்டுகொள்ளாமல் பேசாமல் தாண்டிவிட்டது. பெயர்களை மாற்றி, அந்த நூலகத்தை நீக்கியதும் சரியானது. பழைய பாடத்தை அப்படியே பின்பற்ற விரும்பினால் டாம்கேட் 9-ஐப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, இணைந்தவர்களின் பட்டியல். ஓர் அளவு வந்தால் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். மாணவர்கள் பட்டியலை வகுப்புக்குள் சாதாரண மாறியாக வைத்தார்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் தன்னைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை. ஏன்? இயல்பு அமைப்பில் ஒவ்வோர் இணைப்புக்கும் அந்த வகுப்பின் புதிய பொருள் ஒன்று உருவாகிறது. ஆளுக்கொரு வருகைப் பதிவேடு வைத்தால் வகுப்பில் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? பட்டியல் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானதாக, பல இழைகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் உடையாததாக இருக்க வேண்டும். ஒரே கைப்பேசிக்கு இரண்டு இழைகள் ஒரே நொடியில் எழுத முயன்றாலும் டாம்கேட் பிழை காட்டும். ஆகவே அனுப்புவதையும் வரிசைப்படுத்துங்கள்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பச்சை விளக்கு பொய் சொன்ன மாலை

பள்ளிக்குள் எல்லாம் சரியாக ஓடியபின், வீட்டிலிருந்தும் பார்க்கும்படி வாடகைச் சர்வர் ஒன்றில் வைத்தோம். டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வாசற்காவல் மென்பொருள். தகவலைக் குறைக்க எண்ணி, அளவு மாறினால் மட்டும் அனுப்பு என்று எழுதியிருந்தோம்.

ஒரு மாலை நல்ல மழை. அந்த மாணவியின் கைப்பேசி "இயல்பு" என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து அவளுடைய பாட்டி குரல் கொடுத்தார்: "போனைப் பாத்துக்கிட்டு இருக்காத, கீழ பாரு." வடிகால் மேல் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று நீர் வீட்டுக்குள் வரவில்லை. சாமான்களை மேலே ஏற்றவும் நேரம் இருந்தது. ஆனால் அந்தக் கைப்பேசியை நம்பிப் பாட்டியும் உட்கார்ந்திருந்தால்?

காரணம் எளியது. என்ஜின்எக்ஸின் இயல்பு அமைப்பில், 60 வினாடி எந்தத் தகவலும் ஓடாத இணைப்பு துண்டிக்கப்படும். மழைக்கு முன் அளவு மாறாமல் இருந்தது. அந்த அமைதியில் இணைப்பு போயிற்று. இணைப்பு மூடினால் என்ன செய்வது என்று நாங்கள் பக்கத்தில் எழுதவில்லை. எனவே கடைசியாக வந்த பச்சை அப்படியே நின்றது.

என் தம்பியின் ஞாபகம் வந்தது. ஓர் இரவு அவன் முக்காலியிலேயே தூங்கிவிட்டான். அவன் கூப்பிடவில்லை, ஆகவே தண்ணீர் ஏறவில்லை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அதன்பின் பாட்டி ஒரு விதி வைத்தார். தண்ணீர் ஏறாவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை "இருக்கேன் பாட்டி" என்று அவன் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் பாட்டியே எழுந்து போய்ப் பார்ப்பார்.

வெப்சாக்கெட் விதிமுறையிலேயே இதற்கு ஏற்பாடு உண்டு. ஒரு பக்கம் பிங் என்றால் மறுபக்கம் பாங் என்று பதில் சொல்லும். ஆனால் உலாவி அதைத் தனக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. நாம் எழுதும் பக்கத்துக்கு அது தெரியாது. திடீரென்று மின்சாரம் போனாலோ அலைவரிசை அறுந்தாலோ, "போகிறேன்" என்ற செய்திகூட வராது. இணைப்பு இருப்பதாகவே கைப்பேசி சற்று நேரம் நம்பிக்கொண்டிருக்கும்.

எனவே மாணவர்கள் மூன்று மாற்றங்கள் செய்தார்கள். அளவு மாறாவிட்டாலும் 30 வினாடிக்கு ஒரு முறை சர்வர் அளவையும் உணரி அளந்த நேரத்தையும் அனுப்பும். 90 வினாடி எதுவும் வராவிட்டாலோ, வந்த அளவு பழையதாக இருந்தாலோ, திரை சாம்பல் நிறமாகி "தகவல் இல்லை, நேரில் பாருங்கள்" என்று காட்டும். இணைப்பு அறுந்தால் பக்கம் தானே மீண்டும் இணைக்க முயலும். எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நொடியில் மோதாதபடி, ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட இடைவெளி விட்டு முயலும். உணரி நின்றுபோய் சர்வர் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் நிலையும் நேரலாம். அளந்த நேரத்தைச் சேர்த்து அனுப்புவது அதற்காகத்தான்.

நீங்களும் முயன்று பாருங்கள்

மாணவர்களே, உணரி இல்லாவிட்டாலும் தொடங்கலாம். இரண்டு கைப்பேசிகள் பேசிக்கொள்ளும் சிறு அரட்டைச் செயலியை டாம்கேட்டில் எழுதிப் பாருங்கள். ஓடியதும், வேண்டுமென்றே கம்பியில்லா இணைப்பை அணைத்துவிட்டு, திரை என்ன காட்டுகிறது என்று கவனியுங்கள். அது எதுவும் நடக்காததுபோல் நின்றால் வேலை இன்னும் முடியவில்லை. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பள்ளிப் பிள்ளைகளின் கருவி வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது. அது பக்கத்தில் வைத்துக்கொள்ளும் இன்னொரு கண், அவ்வளவே.

சென்ற மழையின்போது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு திரை சாம்பலானது. எங்கள் பக்கம் மின்சாரம் போயிருந்தது. இரண்டு நிமிடத்தில் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மாணவியிடமிருந்து ஒரு படம் வந்தது. டார்ச் வெளிச்சத்தில் வடிகால், மேல் கல்லுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். அதன் கீழே எழுதியிருந்தாள்: "பாட்டி போய்ப் பாக்கச் சொன்னாங்க டீச்சர்."